ஆளு வருது

பொதுமக்கள் தரும் மனுவுக்கு மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவெடுத்து மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை, இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று எழுத வேண்டும். கோரிக்கையை நிராகரிப்பதானால் காரணம் சொல்லி நிராகரிக்க வேண்டும். இவ்வளவும் அரசாணையில் இருக்கிறது. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதிகள் மனப்பாடம். இவற்றை மீறாமலே மீறுகிற வழிகளும் மனப்பாடம்.

நான் சொல்லப்போகும் அம்மாளுக்கு அந்த வழிகள் தெரியாது. அவருக்கு ஐயம் இல்லாமல் தெரிந்த விதி ஒன்றே ஒன்று. அது எந்த அரசாணையிலும் இல்லை. பேருந்து இருக்கையில் ஒரு துண்டு கிடந்தால் அங்கே உட்காரக் கூடாது. அதுதான் விதி.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் செங்கல்பட்டு போகும் முதல் வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும். நிற்பதற்குள் ஜன்னல்களில் கைகள் நுழைந்துவிடும். மற்றவர்கள் ஆளுக்கொரு துண்டோடு வருவார்கள். அந்த அம்மாள் தோளில் ஒரு பெரிய துணிப்பையோடு வருவார். நகரும் வண்டியோடு கூடவே நடந்து, ஒரு ஜன்னலில் கைக்குட்டை, அடுத்ததில் சாப்பாட்டுப் பை, அதற்கடுத்ததில் மடித்த செய்தித்தாள், கடைசியாக ஒரு கறுப்புக் குடை என்று போட்டுக்கொண்டே போவார். கைக்குட்டை தேவகிக்கு. பையும் செய்தித்தாளும் தேவகியோடு வரும் இரண்டு பெண்களுக்கு. மூவரும் பட்டணத்தில் கண்ணாடி மாளிகை அலுவலகங்களில் தரை துடைக்கப் போகிறவர்கள். குடை எனக்கு. தனக்கென்று எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. பெண்கள் அவரை ‘எடம் போடுற அக்கா’ என்பார்கள்.

“இன்னாம்மா, வண்டியவே பட்டா பண்ணிக்கினியா? தாசில்தாரு கூட வர்றாருன்ற தைரியமா?” என்பார் நடத்துநர்.

“நீ டிக்கெட்ட கிழி. ஆளு வருது.”

“எங்க வருது? கண்ணுக்கே தெரியல.”

“கண்ணுக்குத் தெரிஞ்சா இன்னாத்துக்கு எடம் போடுறது? தெரியாத ஆளுக்குத்தான் போடணும்.”

ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர், கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தேவகி மூச்சிரைக்க ஏறி வந்து அவர் முன்னால் நின்றாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு.

“சார், அது என் எடம்.”

“உன் பேர் எழுதியிருக்கா?”

நடத்துநர் வந்தார். “யோவ், கர்ச்சீப்பு கெடந்திச்சில்ல? எழுந்துரு.”

“எந்த ரூல்ல இருக்கு?”

நடத்துநர் என்னைப் பார்த்தார். வண்டியே என்னைப் பார்த்தது. மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து வருவாய் நிலையாணைகள் வரைக்கும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர், “கர்ச்சீப்பு கீதுன்னா எழுந்துக்க வேண்டியதுதானப்பா, இதுக்கு இன்னா ரூலு?” என்றார். சட்டைக்காரர் எழுந்துவிட்டார். என் பணிக்காலத்தில் கையெழுத்தும் முத்திரையும் உள்ள எந்த ஆணையும் இவ்வளவு சுருக்கமாக நிறைவேறியதில்லை.

அந்த அம்மாள் பட்டணத்து ரயில் திட்டத்தில் உதவிப் பொறியாளர். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்து டிப்ளமோ படித்து மேலே வந்தவர். நான் அதே திட்டத்தின் நில எடுப்புப் பிரிவுக்கு அயல்பணியில் போயிருந்தேன். தூண்கள் நட்டு, ஊருக்கு மேலாக ரயில் விட்டு, சாலையில் காரும் பைக்கும் நெரிவதைக் குறைப்பதுதான் திட்டம். இதற்கான ஆய்வுக் கூட்டங்கள் எப்போதும் தாமதமாகத்தான் தொடங்கும். அதிகாரிகளின் கார்கள் நெரிசலில் நிற்கும். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கோடியிலிருந்து பேருந்திலும் மின்சார ரயிலிலும் வந்த நாங்கள் இருவர் மட்டும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்போம். தாமதத்துக்குப் போக்குவரத்து நெரிசலே காரணம் என்று ஒருமுறை கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

கூட்டத்தில் திரையில் தூண்கள் வரும், பெட்டிகள் வரும், கண்ணாடிக் கதவு வரும். எல்லாம் முடிந்து தேநீர் வரும் நேரத்தில் அந்த அம்மாள் எழுந்து நிற்பார்.

“சார், ஆளு எங்க எறங்கும்?”

“எந்த ஆளும்மா?”

“ரயிலேற வர்ற ஆளு சார்.”

“பார்க்கிங்ல வண்டிய விட்டுட்டு லிஃப்ட்ல மேல வந்துடுவாங்க.”

“வண்டி இல்லாத ஆளு?”

உயர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “அவங்க எப்படியும் வந்துடுவாங்கம்மா.”

இந்த உரையாடல் ஏறக்குறைய இதே சொற்களில் எத்தனை கூட்டங்களில் நடந்தது என்று நான் கணக்கு வைக்கவில்லை. தேநீரோடு வரும் பிஸ்கட்டைப் போல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

திட்டம் நகர்ந்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். தூணுக்குக் குழி தோண்டினால் எந்த வரைபடத்திலும் இல்லாத சாக்கடைக் குழாய் வந்தது. குழாயை மாற்ற ஒரு துறை, அதற்காகச் சாலையை வெட்ட இன்னொரு துறை, வெட்டினால் கார்கள் எங்கே போகும் என்று கேட்க மூன்றாவது துறை. தூண் வர வேண்டிய இடத்தில் சாலைத் துறை கார்களுக்காக ஒரு மேம்பாலத்தைக் கட்டி முடித்தது. அதற்குத் தடையின்மைச் சான்று கொடுத்தது எங்கள் அலுவலகமேதான். ரயில் நிலையம் வேண்டும், ஆனால் அதன் மாடிப்படி எங்கள் வாசலுக்கு எதிரே வரக் கூடாது என்று வழக்குப் போட்டவர்கள் உண்டு.

இத்தனைக்கும் நடுவில், நகர எல்லையில் வரும் கடைசி நிலையத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு நிலம் இருந்தது. வருவாய்த் துறையின் ‘அ’ நிலப் பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தது. ஒரு காலத்தில் மாட்டுவண்டி போன தடம். வழக்கு இல்லை, வாரிசு இல்லை, ஆக்கிரமிப்பு இல்லை. என் பணிக்காலத்தில் அப்படி ஒரு நிலத்தை நான் பார்த்ததே இல்லை. அதைத் திட்டத்துக்கு எழுதி ஒப்படைத்தேன். அந்த அம்மாள் அதில் பேருந்து வந்து நின்று திரும்பும் இடம் ஒன்றை வரைந்து, யார் யாரையோ பார்த்து, போக்குவரத்துக் கழகத்திடம் ஒரு கடிதமும் வாங்கிவிட்டார். இந்த இடம் கிடைத்தால் உத்திரமேரூர் வண்டியைச் செங்கல்பட்டோடு நிறுத்தாமல் நிலையத்தின் படிவரைக்கும் விடுகிறோம். இடம் கிடைக்காவிட்டால் நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம், மேம்பாலம் இறங்கும் இடத்தில்தான் நிறுத்த முடியும் என்றது கடிதம்.

அந்தச் செய்தியை அவர் வண்டியில் சொன்ன அன்று திருமுக்கூடல் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். கீழே ஆற்றில் மணல்தான் இருந்தது.

“படி கிட்டயே எறக்கி வுடுவாங்களாக்கா?” என்றாள் தேவகி.

“பஸ் படில காலு எடுத்தா அடுத்த காலு ஸ்டேசன் படிலதான்.”

“அப்ப என் முட்டி பொழச்சிச்சி. இப்ப ரெண்டு எடத்துல மாறி, ஷேர் ஆட்டோ புடிச்சி போறதுக்குள்ள சூப்பர்வைசரு வாசல்லயே நிக்கிறான். இன்னொரு வாட்டி லேட்டானா வராதன்னுட்டான்க்கா. இந்த வேல போச்சின்னா, பொண்ணு காலேஜ நிறுத்த வேண்டியதுதான்.”

“போவாது. எடம் போட்டாச்சி.”

நான் அந்த அம்மாளிடம் ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். நிலத்தின் உடைமை எடுத்ததும் முதலில் வேலி போட வேண்டும். அதுதான் நடைமுறை. வேலிக்கு மதிப்பீடு போனது. மதிப்பீட்டில் கம்பியின் தடிமன் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. தடிமன் குறிப்பிட்டுப் போனது. ஒப்பந்தப்புள்ளி கோர அனுமதி கேட்டுப் போனது. இந்த இடைவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் தானே போய், சவுக்குக் கம்புகள் நட்டு, சுற்றிலும் தேங்காய்நார்க் கயிறு கட்டி, கயிற்றில் வரிசையாகத் துண்டுகளைத் தொங்கவிட்டு வந்துவிட்டார். வீட்டில் இருந்த பழைய துண்டுகள். சிலவற்றில் மஞ்சள் கறைகூட இருந்தது.

“என்னம்மா இது?” என்றேன்.

“துண்டு போட்டுட்டேன் சார். வேலி வர்ற வரிக்கும் தாங்கும்.”

“யாருக்குப் புரியும் இது?”

“இன்னா சார் நீங்க? துண்டு கீதுன்னா ஆளு வருதுன்னு அர்த்தம். இதக்கூடவா சொல்லிக்குடுக்கணும்?”

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை விட்டு அவர் மனம் எங்கேயும் போனதில்லை. துண்டைப் பார்த்தால் அதற்குரிய ஆளை நினைத்துப் பார்க்கிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு என்று நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது கயிற்றைத் தாழ்த்திவிட்டு உள்ளே ஒரு கார் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர், கயிற்றில் தொங்கிய துண்டு ஒன்றை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அது எடம் போட்ட துண்டு,” என்றார் அந்த அம்மாள்.

“எதுக்கு?”

“ஆளு வருது.”

ஓட்டுநர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். கேலியாகப் பார்க்கவில்லை. உண்மையாகவே யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். “வரட்டும்மா. வந்தா எடுத்துடறேன்.” துண்டைப் பிழிந்து மறுபடி கயிற்றிலேயே போட்டார். மரியாதையான மனிதர்தான்.

பிறகு கார்கள் வரிசையாக வந்தன. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாட்களில் இடம் போதவில்லை. கம்புகள் சாய்ந்தன. சீட்டுக் கிழித்துக் கொடுக்க ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். வேலிக்கு அனுமதி வந்த நேரத்தில், குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு மனு வந்தது. பல காலமாகப் பொதுமக்கள் பயன்படுத்திவரும் வாகன நிறுத்தத்தை அகற்றக் கூடாது என்று. மூன்று நாட்களுக்குள் ஒப்புகை போயிற்று. ஒரு மாதத்துக்குள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. விதிகள் வேலை செய்யாது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டம் அந்தக் கல்யாண மண்டபத்திலேயே நடந்தது. அந்த அம்மாள் முதலில் போய் முன்வரிசையில் மூன்று நாற்காலிகளில் கைக்குட்டை, பை, செய்தித்தாள் போட்டு வைத்தார். தேவகியும் மற்ற இருவரும் வந்து பேசுவதாக ஏற்பாடு. அவர்களுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மண்டபம் நிறைந்தபோது ஒரு இளம்பெண் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவந்து, “மேடம், இது உங்களுதா? சேர்ல விட்டுட்டீங்க,” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

சங்கத் தலைவர் நிதானமாகப் பேசினார். “நாங்க ரயிலுக்கு எதிரி இல்லைங்க. ரயில் வரணும். ஆனா ரயில்ல போறவங்க காரை எங்க விடுவாங்க?”

அந்த அம்மாள் எழுந்தார். “ரயில்ல போறவங்க பஸ்ல வருவாங்க சார்.”

“எந்த பஸ்ஸும்மா? அங்க பஸ்ஸே வர்றதில்லையே.”

“எடம் குடுத்தா வரும்.”

“வந்தா குடுக்கலாம்.”

கைத்தட்டல் அடங்க நேரம் ஆயிற்று. நான் பல கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்தியவன். இந்த வகை வாதத்துக்கு மேல்முறையீடு கிடையாது. அந்த இடத்தில் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டுவதென்று தீர்மானம் ஆயிற்று. வழக்கு, வாரிசு, ஆக்கிரமிப்பு ஏதும் இல்லாத நிலம் என்பதால், மொத்தத் திட்டத்திலும் சொன்ன காலத்தில் முடிந்த ஒரே கட்டடம் அதுதான்.

ரயில் ஓடத் தொடங்கியது. பலூன் பறக்கவிட்டார்கள். போக்குவரத்துக் கழகமும் சொன்ன சொல் தவறாமல் எங்கள் வண்டியைச் சோதனை முறையில் நிலையம் வரைக்கும் நீட்டியது. ஆனால் எதிர்ப்பக்கம்தான், மேம்பாலம் இறங்கும் இடத்தில்தான். பாலத்திலிருந்து வேகமாக இறங்கிவரும் கார்களுக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நிலையத்தின் படிகள் கண்ணெதிரே தெரியும். பெண்கள் நிற்பார்கள். ஒரு இடைவெளி கிடைக்கும். இருவர் ஓடிவிடுவார்கள். தேவகி ஓட முயன்று பாதியில் திரும்பி வருவாள். மேலே ரயில் வந்து போகும்.

“எதுர்லயே கீது, போவ முடியல பாருக்கா,” என்று ஒரு நாள் சிரித்தாள். அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று. மகள் கல்லூரியை விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் ஒரு துணிக்கடைக்குப் போனாள். மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அடுத்தவளும் விட்டுவிட்டாள். சோதனை முறைப் பேருந்து பயணிகள் இல்லாததால் நின்றது. ரயில் காலிப் பெட்டிகளோடு ஓடியது. இந்த நகரத்து மக்கள் காரை விட்டு இறங்கமாட்டார்கள் என்று செய்தித்தாளில் எழுதினார்கள்.

அந்த அம்மாள் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். இதை அவர் கணக்கில் வரவுப் பக்கம் சேர்ப்பதா, பற்றுப் பக்கம் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. செங்கல்பட்டு வண்டியில் வழக்கம்போலக் குடை போட்டிருந்தார், கைக்குட்டையும் போட்டிருந்தார். அன்று கூட்டம். கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போகும் ஒரு பெரியவர் கைக்குட்டை கிடந்த இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆளு வருதாம்மா?”

“வருது.”

சாலவாக்கம் வந்தது. யாரும் அந்த இருக்கைக்கு வரவில்லை. திருமுக்கூடல் வந்தது. பெரியவர் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். நடத்துநர் ஒருமுறை கைக்குட்டையைப் பார்த்தார், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார், பின்னால் போய்விட்டார்.

நான் அவர் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னேன். “தேவகிதான் வேலைய விட்டாச்சேம்மா.”

“தெரியும் சார்.”

“பெரியவர் நிக்கிறாரு.”

“தெரியுது சார்.”

கைக்குட்டையை அவர் எடுக்கவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் பெரியவர் நின்றுகொண்டேதான் வந்தார். வண்டியில் ஒருவர்கூட அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும் எழுந்து இடம் தரவில்லை. அந்த விதி அவ்வளவு வலுவானது. அன்றைக்கு அது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற மறுவாரம் என் வீட்டுக்கு வந்தார். கார் நிறுத்தத்தின் தரைத்தளத்தையாவது பேருந்துக்கு ஒதுக்கச் சொல்லி ஒரு மனு எழுத வேண்டும் என்றார்.

“பயனிருக்காதும்மா. கட்டடமே வந்தாச்சு.”

“எழுதுங்க சார். ஒரு துண்டு போட்டு வெப்போம்.”

பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் வைத்து, எந்த எழுத்தரும் குறை சொல்ல முடியாத ஒரு மனுவை எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். அது திட்ட அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து சாலைத் துறைக்கு. அங்கிருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு. இது எமது அலுவலகம் தொடர்பானதல்ல என்ற குறிப்போடு முதலில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. ஒப்புகை வரவில்லை. நினைவூட்டுக் கடிதங்களை நான் எழுதினேன். ஒவ்வொரு முறையும் தெருவில் பார்க்கும்போது, “பதில் வந்திச்சா சார்?” என்பார். “வரும்மா,” என்பேன். அவர் கேட்கிற தொனி, நடத்துநர் அவரைக் கேட்கிற தொனியாக மாறிவிட்டிருந்தது. நான் அவரைப் போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் அவர் இறந்துபோனார். சர்க்கரை நோய், பிறகு சிறுநீரகம். மாதாகோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் அவர் வீடு. வாசலில் பந்தல் போட்டு வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தேவகி காலையிலேயே வந்துவிட்டாள். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து இரண்டு நாற்காலிகளில் கைக்குட்டையையும் தன் பையையும் போட்டு வைத்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண் மதியத்துக்குள் அழுதுகொண்டே வந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்தவள் வரவில்லை. வெயில் ஏறியது. ஆண்கள் வேலியோரம் நின்றார்கள். பந்தல்காரர் பையை நகர்த்தக் கை நீட்டினார்.

“ஆளு வருது,” என்றாள் தேவகி.

அவர் கையை இழுத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியபோதும் அந்த நாற்காலி மேல் பை இருந்தது.

பதில் அவர் பெயருக்குத்தான் வந்தது. வீடு பூட்டியிருந்ததால், இரண்டாவது கையெழுத்து என்னுடையது என்று தெரிந்த தபால்காரர் என்னிடம் கொடுத்தார். தெருவிலேயே பிரித்துப் படித்தேன். மேற்படி நிலையத்துக்குப் பேருந்து மூலம் வந்து செல்லும் பயணிகள் எவரும் இல்லாத நிலையில், பேருந்துக்கு இடம் ஒதுக்க வேண்டிய அவசியம் எழவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. காரணம் சொல்லி நிராகரித்திருக்கிறார்கள். விதிப்படி குறையில்லாத வாக்கியம்.

எதிரே தேவகி மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு வந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்ணும் கூட வந்தாள்.

“இன்னா சார், அக்காவுக்கு தபாலா? இன்னா போட்டுக்கீறாங்க?”

“அந்த ஸ்டேஷனுக்கு பஸ்ல வர்ற ஆள் யாரும் இல்லையாம். அதனால இடம் வேண்டியதில்லைன்னு போட்டிருக்காங்க.”

தேவகி கடிதத்தை வாங்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி நின்றாள்.

“அந்த ஆளு நாங்கதான சார்? எங்க பூட்டோம்? இங்கதான கீறோம்.”

இருவரும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்கள். அன்று கல்லறைத் திருநாள். பதில் கிடைத்த தேதி, நவம்பர் இரண்டு.